மயிலாப்பூரிலிருந்து வாசிங்டனுக்கு: சர் எஸ். சுப்பிரமணிய ஐயரும் 1917ஆம் ஆண்டுக் கடிதமும்

சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதிப் பொறுப்பை வகித்த இந்தியர் என்ற அளவிலேயே சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் (1842–1924) பெரிதும் நினைக்கப்படுகிறார். எழுபத்தைந்தாம் அகவையில் அவர் எழுதிய கடிதம் ஒன்று அவருடைய வரலாற்றில் பின்னிணைப்புப் போலவே கூறப்பட்டு வருகிறது. ஆயின் அவர்தம் வாழ்வின் சட்டச் சிந்தனை முழுமையும் அக்கடிதத்திலேயே திரண்டு நிற்கிறது எனலாம்.

மதுரையில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிப் பின்னர் சென்னைக்குக் குடிபெயர்ந்த அவர், 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் கலந்துகொண்டார். தி. முத்துசாமி ஐயர் மறைந்தபின் 1895இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார், 1900இல் கே.சி.ஐ.இ. பட்டம் பெற்று, 1907இல் ஓய்வு பெற்றார். மயிலாப்பூர்க் கடற்கரையை அடுத்த 'பீச் ஹவுஸ்' இல்லத்தில் வாழ்ந்த 'மணி ஐயர்', அடையாற்றுப் பிரம்மஞான சபையோடும் அன்னி பெசன்ட் அம்மையாரோடும் நெருங்கிய தொடர்புடையவர். 1916இல் தொடங்கப்பெற்ற ஹோம்ரூல் இயக்கத்தின் கௌரவத் தலைவரும் அவரே.

பஞ்சாபில் கதர் கட்சியினரின் கிளர்ச்சித் திட்டமும் வங்காளத்துப் புரட்சிக் குழுக்களின் கொலைகளும் காரணமாக, 1915 மார்ச்சில் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று பயங்கரவாதம் எனப்படுவது அன்றைய அரசாவணங்களில் புரட்சிச் சதி எனப்பட்டது. தனி நடுவர் மன்றங்களின் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. விசாரணையின்றி ஒருவரை ஓரிடத்தில் அடைத்து வைக்கவும் இயலும். 1911இல் மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்டது உண்மையே. எனினும் வங்காளத்தோடு ஒப்பிடச் சென்னை மாகாணம் அமைதியாகவே இருந்தது. அத்தகைய மாகாணத்தில், வன்முறையை வெளிப்படையாக எதிர்த்துவந்த பெசன்ட் அம்மையார்மீதும், அருண்டேல், வாடியா ஆகியோர்மீதும் 1917 ஜூன் 16ஆம் நாள் ஆளுநர் பென்ட்லண்டின் அரசு இவ்விதிகளை ஏவியது. மூவரும் உதகையில் வைக்கப்பட்டனர். வெடிகுண்டுக்காக வகுத்த விதி பத்திரிகைத் தலையங்கத்தின்மேல் பாய்ந்ததை, நீதிபதியாய் இருந்தவர் பொறுத்திருக்கவில்லை.

ஜூன் 24ஆம் நாளிட்ட கடிதத்தை அவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்கு எழுதினார். மக்களாட்சியைக் காக்கவே போரில் இறங்குவதாக வில்சன் அறிவித்து மூன்று திங்களும் நிறைவுறவில்லை என்பது கருதத்தக்கது. அந்நிய அதிகாரிகளின் மிகையான ஊதியம், கல்வி மறுப்பு, கடும் வரி, நாட்டுப்பற்றைப் பேசியதற்காகச் சிறைப்பட்டோரின் இழிநிலை ஆகியன அதில் அடுக்கப்பட்டிருந்தன. தன்னாட்சிக்கு உறுதி அளித்தால் மூன்று மாதங்களில் 50 லட்சம் வீரரும், அடுத்த மூன்று மாதங்களில் மேலும் 50 லட்சம் வீரரும் இந்தியா தரும் என்றார். (போர்க்காலம் முழுவதிலும் கடல் கடந்து சென்ற இந்தியர் ஏறத்தாழ 13 லட்சம். சான்றுகளை எடைபோட்டுப் பழகியவரின் கணக்கு இவ்விடத்தில் தடுமாறுகிறது.) அஞ்சல் தணிக்கைக்கு அகப்படாமல், பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஹாட்ச்னர் தம்பதியர் கடிதத்தை நேரே கொண்டு சென்றனர். அது அமெரிக்காவில் அச்சாகி, அந்நாட்டுக் காங்கிரஸ் உறுப்பினர்களிடையே பரவியது.

பெசன்ட் அம்மையார் செப்டம்பரில் விடுவிக்கப்பட்டார். இதனைக் கடிதத்தின் பயன் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பும், ஆகஸ்ட் 20ஆம் நாள் மாண்டேகு வெளியிட்ட அறிவிப்பும் உடன்நின்ற காரணங்களாகும். ஆனால், கடிதத்தின்மீது அரசு கொண்ட சினம் விடுதலைக்குப் பின்னரும் தணியவில்லை. அவ்வாண்டு இறுதியில் சென்னை வந்த வைசிராய் செம்ஸ்போர்டும் மாண்டேகுவும் முதியவரை நேரில் கடிந்துகொண்டனர். 1918இல் மாண்டேகு இலண்டன் நாடாளுமன்றத்திலும் கடிதத்தைப் பழித்துரைத்தார். இதே குறைகள் சென்னை மேடைகளில் ஆண்டுதோறும் ஒலித்தவையே. நேச நாட்டுத் தலைவர் ஒருவர் அவற்றைப் படிக்க நேர்ந்ததே அரசை உறுத்தியது.

சுப்பிரமணிய ஐயர் மன்னிப்புக் கோரவில்லை. கே.சி.ஐ.இ., திவான் பகதூர் ஆகிய இரு பட்டங்களையும் துறந்தார். போர் முடிந்த பின்னும் அவசரகால அதிகாரங்களை நீட்டித்த ரௌலட் சட்டம் 1919 மார்ச்சில் நிறைவேறியபோது, பட்டமற்ற எளிய குடிமகனாகவே அவர் வாழ்ந்துவந்தார். 1924 டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார்.