கலைவாணர்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையையே முதற்கண் வைத்தார். பிறரை எள்ளுவதாலும் நகை தோன்றும். அறியாமையைக் காண்பதாலும் நகை தோன்றும் என்பது அவர் கண்ட உண்மை. முன்னையது எளிது, ஆயினும் பிறர் உள்ளத்தைப் புண்படுத்துவது. பின்னையதைத் தேர்ந்து, மக்களின் அறியாமையை நகைப்பினாலேயே போக்க முயன்றவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் ஆவார்.

அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்த நாகர்கோயிலின் ஒரு பகுதியான ஒழுகினசேரியில், 1908ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்து, தாயார் இசக்கியம்மாள். குடும்பத்தின் வறுமையால் நான்காம் வகுப்போடு அவரது படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றுச் சில காசு ஈட்டிய அச்சிறுவரை நாடகம் ஈர்த்தது. வில்லுப்பாட்டிலும் அவர் பழகினார். பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். பள்ளி தர இயலாத கல்வியை மேடை அவருக்குத் தந்தது.

1936ஆம் ஆண்டு அவர் திரையுலகில் புகுந்தார். அவ்வாண்டிலேயே நடிகை டி. ஏ. மதுரத்தைச் சந்தித்தார், பின்னர் மணந்தார். இருவரும் இணைந்து நடித்த காட்சிகளைக் காண மக்கள் திரண்டனர்.

பிறர் எழுதித் தந்ததை ஒப்புவிப்பதோடு கிருஷ்ணன் அமையவில்லை. தமக்கென ஒரு குழுவை அமைத்தார். நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே புனைந்தார். குழுவினரைப் பயிற்றி, உடன் நடித்தார். அப்பகுதிகள் படத்தின் பெருங்கதையோடு இணைக்கப்பட்டன. பாடல் புனைவதில் உடுமலை நாராயணகவி துணை நின்றார்.

மக்கள் நன்கறிந்த பழைய வடிவத்தில் புதிய கருத்தைப் பெய்து தருவது அவர் கையாண்ட முறை. 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் இடம்பெற்ற கிந்தனார் கதை இதற்குச் சான்று. நந்தனார் கதையைப் பலரும் காலட்சேபமாகக் கேட்டிருந்தனர். நந்தனார் தில்லையைக் காண ஏங்கினார். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவனான கிந்தனோ கல்விக்கு ஏங்கினான். அவன் பட்டணம் சென்று கற்று உயர்ந்த கதையைக் கேட்டோர் முதலில் நகைத்தனர். பின்பு தீண்டாமையின் கொடுமையை எண்ணினர்.

புகழின் உச்சியில் இருந்தபோது பெருந்துன்பம் ஒன்று வந்தது. 1944இல் ஒரு கொலை வழக்கில் அவர் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு வாழ்நாள் தண்டனையும் பெற்றார். மதுரம் அம்மையார் மனம் தளரவில்லை, எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவை நடத்தினார். இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்ற வழக்கு, மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆராயப்பட்டது. 1947இல் கிருஷ்ணன் குற்றமற்றவர் என விடுதலை பெற்றார். சிறையில் கழிந்த ஆண்டுகளை எவரால் திருப்பித்தர இயலும்? எனினும் அவர் நகைச்சுவையில் கசப்பு கலக்கவில்லை. விட்ட பணியை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார். கிந்தனார் கதை அவ்விடுதலைக்குப் பின் பிறந்ததே.

ஈட்டிய பொருளை இல்லையென்று வந்தோர்க்கு வழங்கினார். கை வற்றிய நாளிலும் அவர் கொடை வற்றவில்லை. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள், நாற்பத்தொன்பது வயது நிரம்பும் முன்னரே அவர் மறைந்தார். 1969இல் சென்னையில் அவர் சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார்.

பிறர் குறையைக் கண்டு நகைப்பது எவர்க்கும் எளிது. அக்குறை நீங்குமாறு நகைக்கச் செய்வது அரிது. அவ்வரிய செயலே கலைவாணரின் வாழ்க்கைப் பணியாயிற்று.