குளவிகளுக்குக் கணக்கு எழுதிய கேணல்

இரத்மலானையில் நான் குடியிருக்கும் வீட்டின் யன்னற் சட்டத்திலும் பூட்டுத் துவாரத்திலும் மண்குளவி ஆண்டுதோறும் குடியேறும். குளவி கூடு கட்டினால் வீட்டிற் பிள்ளை பிறக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வர்; ஆதலின் அதனை எவரும் இடிப்பதில்லை. நம் சமய நூல்களோ ஒரு படி மேலே சென்றன. குளவியானது புழுவைக் கொணர்ந்து, கொட்டிக் கொட்டித் தன் உருவாகவே மாற்றிவிடும் என்று கொண்டு, குருவருளால் உயிர் மாறுவதற்கு அதனை உவமையாக்கின. அழகிய உவமைதான். ஆனாற் கூட்டினுள் நடப்பது வேறு. கொட்டுண்ட இரை சாகாமலும் அசையாமலும் கிடக்க, தாய்க்குளவி இட்ட முட்டை பொரித்து, வெளிவரும் குடம்பி அவ்விரையைச் சிறுகச் சிறுகத் தின்று வளர்கிறது.

அவ்விரை யாது என்பதும் குளவிக்குக் குளவி வேறுபடும். சிலந்தி பிடிப்பது ஒன்று. பச்சைப்புழு பிடிப்பது ஒன்று. கரப்பானின் மூளையிலே கொட்டி, அதன் உணர்கொம்பைப் பற்றிக் கன்றுக்குட்டிபோல் வளைக்குள் நடத்திச் செல்லும் பச்சை மினுக்கன் இன்னொன்று. மாணவர் தீப்பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து வினவும்போது வெறுமனே குளவி என்று சொல்லிவிடுவது விடையாகாது. சரியான விடைக்காக ஏடுகளைப் புரட்டும்போதெல்லாம் நான் சென்று சேருவது லெப்டினன்ற் கேணல் சாள்ஸ் தோமஸ் பிங்காம் என்பாரிடமே.

அவர் 1848 ஏப்பிரல் 16 ஆம் நாள், பழைய ஐரிஷ் குடும்பமொன்றில் இந்தியாவிலே பிறந்தார். கல்வி அயர்லாந்தில்; தொழில் பம்பாய், வங்காளப் படைகளில். முதலில் அவர் நாட்டம் பறவைகளிலேயே இருந்தது. ஹியூம் நடத்திய பறவையியல் ஏட்டுக்கும் எழுதினார். 1877 இல் பர்மாவுக்கு அனுப்பப்பட்டபின் பூச்சிகள் அவரை ஈர்த்தன. அங்கே காடுகளின் காப்பாளராகவும் பணிபுரிந்தார். தேக்குமரக் கணக்கு எழுதியவரின் கை குளவிக் கணக்கையும் எழுதத் தொடங்கிற்று.

1894 இல் ஓய்வுபெற்று, மனைவி மக்களுடன் இலண்டன் சென்றார். அந்த வயதில் படைத்தலைவர் பலர் தோட்டம் வைப்பர், வேட்டைக்கதை சொல்வர். இவரோ பிரித்தானிய நூதனசாலையின் பூச்சியறையில் அமர்ந்து, உலகெங்குமிருந்து வந்து குவிந்த கொடுக்குடைய பூச்சிகளை ஒழுங்குபடுத்தலானார். ஊதியம் ஒரு சதமும் இல்லை. அவ்வுழைப்பின் நடுவே, 1897 இல், பிரித்தானிய இந்தியாவின் விலங்கினத் தொகுதி வரிசையிற் குளவிகளும் தேனீக்களும் பற்றிய நூல் வெளிவந்தது. ஏறக்குறைய 600 பக்கம். இந்தியா, பர்மா, இலங்கை மூன்றையும் தழுவியது.

அந்நூலின் முறையை நான் வியப்பதுண்டு. நிறத்தை அது முதலில் நம்புவதில்லை. அமர்ந்திருக்கும்போது சிறகை நெடுக்காக மடிக்கிறதா என்று கேட்கும். மடிக்காவிடின் அகழ்வன கூட்டம். மடிக்குமாயின் காலைப் பார்க்கச் சொல்லும்: நடுக்காலின் கணையில் முள் ஒன்று, நகம் பிளவுபட்டது எனின் தனித்து வாழும் குயவக் குளவி, முள் இரண்டு, நகம் பிளவற்றது எனின் கூட்டமாக வாழ்வது. பின்னர் சிறகு நரம்புகள் அடைக்கும் அறைகளை எண்ணவேண்டும். ஒரு கைவில்லையும் பொறுமையும் இருந்தாற் பள்ளி மாணவனும் இப்படிகளில் இறங்கிச் சாதியை அடையலாம். இனத்தை அடைவதுதான் கடினம்.

பெயர்களிலும் நமக்கு உறவுண்டு. கறுப்பு உடலில் மஞ்சட் குறிகள் கொண்ட மண்குளவி ஸ்கெலிப்ரன் மதராஸ்பட்டானம். தமிழ்நாட்டைக் கண்ணாற் காணாத பபிரிசியஸ் 1781 இல் இட்ட பெயர் அது. அதன் உறவினம் ஒன்று சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்குகிறது. இலத்தீனுக்குள் நம் ஊர்கள் ஒளிந்திருப்பதைக் காட்டினால் மாணவர் முகம் மலரும்.

அதே ஆண்டுகளில் பிரான்சில் பாபர் என்னும் முதியவர் குளவியின் செயலைப் பக்கத்திலிருந்து பார்த்து, உலகம் போற்றும் நூல்களாக எழுதிக்கொண்டிருந்தார். ஊசியிற் குத்திய பூச்சிக்குப் பெயரிடுவோரிடம் அவருக்கு மதிப்புக் குறைவு. எனினும், பெயர் உறுதியாகாத பூச்சியின் செயலை இன்னொருவர் சரிபார்ப்பது எங்ஙனம்? இவ்வகையில் நான் பிங்காம் பக்கமே நிற்பேன்.

குறையும் இருந்தது. வெல்வெட் எறும்பு எனப்படும் குளவிக் குடும்பத்திற் பெண்ணுக்குச் சிறகில்லை, ஆணுக்கு உண்டு. இரண்டையும் இணையாகக் கண்டாலன்றி உறவு தெரியாது. ஆகவே கணவனும் மனைவியும் வெவ்வேறு இனங்களாய் வெவ்வேறு பெயருடன் நூலில் நின்றன. அவர் ஸ்கெலிப்ரன் சாதியுள் வைத்த நீலக்குளவியை இன்று கலிபியன் என்பர். 1970களிலிருந்து சிமித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த காள் குறொம்பைன் இலங்கைக் குளவிகளை மீண்டும் ஆராய்ந்து தொடர்கட்டுரைகள் வெளியிட்டார். திருத்துவதற்கும் முதலில் ஒரு கணக்கு இருக்கவேண்டுமன்றோ?

1903 இல் எறும்புகளும் குயிற்குளவிகளும் பற்றிய இரண்டாம் தொகுதி வந்தது. பதிப்பாசிரியர் பிளான்போர்ட் 1905 இல் மறைந்தபின், வரிசை முழுவதன் பொறுப்பும் பிங்காமின் தோளில் விழுந்தது. வண்ணத்துப்பூச்சிகளை எழுதத் தொடங்கி 1905 இலும் 1907 இலும் இரு தொகுதிகள் தந்தார். 1908 ஒக்ரோபர் 18 இல் அவர் காலமானபோது அப்பணி அவ்விரண்டோடு நின்றது.