எரிக் அடால்ஃப் வான் வில்லெபிராண்டு

எரிக் அடால்ஃப் வான் வில்லெபிராண்டு (பெப்ரவரி 1, 1870 - செப்டம்பர் 12, 1949) பின்லாந்து நாட்டைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். மரபுவழிக் குருதிப்பெருக்கு நோயான வான் வில்லெபிராண்டு நோயை முதன்முதலாக விவரித்தவர் இவரே.

வாழ்க்கைக் குறிப்பு

வில்லெபிராண்டு, உருசியப் பேரரசின் கீழிருந்த பின்லாந்தின் வாசா நகரில் பிறந்தார். ஹெல்சிங்கியில் மருத்துவம் பயின்று, 1896 இல் பட்டம் பெற்றார். குருதியை வெளியேற்றியபின் அதில் ஏற்படும் மாற்றங்கள் பற்றி ஆய்ந்து 1899 இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஹெல்சிங்கியிலுள்ள டீக்கனசு மருத்துவமனையில் மருத்துவத்துறைத் தலைவராக 1933 வரை பணியாற்றினார்.

கண்டுபிடிப்பு

1924 இல், ஓலந்துத் தீவுகளைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இவரிடம் கொண்டுவரப்பட்டாள். அவளுடைய சகோதரிகள் சிலர் குருதிப்பெருக்கால் ஏற்கெனவே இறந்திருந்தனர். வில்லெபிராண்டு அக்குடும்பத்தில் 66 பேரைப் பற்றிய தகவல்களைத் திரட்டினார். அவர்களுள் 23 பேருக்கு இக்குறை இருந்தது. ஈமோஃபீலியா பெரும்பாலும் ஆண்களையே தாக்கும். இந்நோயோ பெண்களையும் தாக்கியது. குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையும் குருதி உறையும் நேரமும் இயல்பாக இருந்தன. ஆனால் காயத்திலிருந்து குருதி வடியும் நேரம் நீண்டிருந்தது. எனவே இது தனியொரு நோய் என 1926 இல் சுவீடிய மொழியில் வெளியிட்ட கட்டுரையில் இவர் நிறுவினார். அச்சிறுமி பதின்ம வயதில், தனது நான்காவது மாதவிடாயின்போது குருதிப்பெருக்கால் இறந்தாள்.

குறை சிறுதட்டுக்களில் அல்லது குருதிக்குழாய்களில் இருக்கலாம் என வில்லெபிராண்டு கருதினார். உண்மையில் குறை குருதி நீர்மத்தில் இருப்பதை 1950களில் சுவீடிய ஆய்வாளர் இங்கா மேரி நில்சன் குழுவினர் காட்டினர். அப்புரதம் இன்று வான் வில்லெபிராண்டு காரணி எனப்படுகிறது. இது காயம்பட்ட குழாய்ச் சுவரில் சிறுதட்டுக்களை ஒட்டவைக்கிறது. எட்டாம் உறைதற் காரணியையும் சிதையாமல் காக்கிறது.

அறுவை மருத்துவத்தில் முக்கியத்துவம்

இந்நோயின் மிதமான வகை உள்ளவர்கள் நலமானவர்களாகவே தோன்றுவர். பல் பிடுங்கும்போதோ உள்நாக்குச் சதையை அகற்றும்போதோதான் குறை முதன்முதலாக வெளிப்படலாம். வழக்கமான உறைதற் சோதனைகள் இயல்பான முடிவையே தரக்கூடும். ஆகவே அறுவைக்கு முன், மிகையான மாதவிடாய், அடிக்கடி மூக்கில் குருதி வடிதல், உறவினருக்கு ஏற்பட்ட குருதிப்பெருக்கு ஆகியவற்றை மருத்துவர் கேட்டறிதல் இன்றியமையாதது. நோய் முன்னரே தெரிந்தால், நோயின் வகைக்கேற்ப டெசுமோபிரெசின் மருந்தோ காரணிச் செறிவோ கொடுத்துப் பாதுகாப்பாக அறுவை செய்ய இயலும். வில்லெபிராண்டு ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கேட்டே இந்நோயைக் கண்டறிந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.