தீக்குளிக்காத நந்தன்

தில்லை என்றதும் சிலருக்குக் கோபுரம் நினைவுக்கு வரும். சிலருக்குக் கூத்தன் நினைவுக்கு வருவான். தோழர்களே, நமக்கோ நந்தன் நினைவுக்கு வருகிறான்! ஆதனூர்ச் சேரியிலிருந்து வந்தவன். தீயில் மூழ்கி எழுந்த பிறகே கோயிலுக்குள் போக முடிந்ததென்று புராணம் பேசுகிறது. பக்தியின் பெருமை என்பர் பண்டிதர். சாதியின் கொடுமை என்கிறோம் நாம்.

அதே தில்லைக்கு 1910-இல் இன்னொருவர் வந்தார். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், 1890-இல், ஆதிதிராவிடக் குடும்பத்தில் பிறந்த முனுசாமி. பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்குப் போன குடும்பம். தங்கம் தோண்டியவன் வீட்டில் தங்கம் ஏது? இளைஞர் வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் பாடம் கேட்டார், துறவு பூண்டார், சகஜானந்தர் ஆனார்.

காவி கட்டியவர் கண்மூடி அமர்ந்தாரா? இல்லை! 1916-இல் நந்தனார் கல்விக் கழகம் கண்டார். சேரிப் பிள்ளைகள் 25 பேரோடு பள்ளி தொடங்கிற்று. ஊர்ப் பள்ளியின் திண்ணையும் தீண்டக்கூடாதென்று தள்ளப்பட்ட பிள்ளைகள் பலகை பிடித்தனர், எழுத்தறிந்தனர். பக்கத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது 1929-இல். அதற்கு 13 ஆண்டுகள் முன்பே, அதன் வாயிலை எட்டுவதற்கான முதற்படியைச் சேரிச் சிறுவனுக்குக் கட்டிக்கொடுத்தவர் இவர்.

சட்டசபைக்கும் போனார். அந்த நாள் சட்டசபை எப்படிப்பட்டது? வரி கட்டுவோனுக்கும் சொத்துள்ளவனுக்குமே வாக்கு. ஏர் பிடித்தவனுக்கு ஏது சொத்து? சொத்தில்லாதவனுக்கு ஏது வாக்கு? ஒடுக்கப்பட்டோர் சார்பில் சிலரைக் கவர்னரே நியமிப்பார். 1920-களின் பிற்பகுதியில் சகஜானந்தர் அப்படித்தான் உள்ளே போனார். நியமித்தவன் முகம் பார்த்து வாய்மூடி இருந்தாரா? கல்வி கேட்டார், நிலம் கேட்டார், கோயில் வாயில் திறக்கக் கேட்டார். 1932 பூனா ஒப்பந்தம் சென்னை மாகாணத்துக்கு 30 தனித் தொகுதிகளைத் தந்தது. கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. அனைவருக்கும் வாக்கு வந்த பின், 1952-லும் 1957-லும் சிதம்பரம் மக்களே அவரைத் தேர்ந்தெடுத்தனர். கவர்னர் தந்த நாற்காலி, மக்கள் தந்த நாற்காலியாயிற்று!

அவர் காங்கிரஸ்காரர், கடவுளை நம்பியவர். நமக்கும் அவருக்கும் வழி வேறு. 1957-இல் அறிஞர் அண்ணாவும் தோழர்களுமாகப் பதினைந்து பேர் நுழைந்த மன்றத்தில், அவர் எதிர் வரிசையில்தான் இருந்தார். அதற்காக அவர் ஏற்றிய விளக்கை இருட்டென்போமா? மாட்டோம். மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டன்றோ!

1959 மே முதல் நாள், சட்டமன்ற உறுப்பினராகவே மறைந்தார். பாட்டாளிகளின் திருநாளில், பாட்டாளிகளின் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் கண் மூடினார்.

அன்றைய தென்னார்க்காட்டில், இன்றைய கடலூர் மாவட்டத்தில், அவர் ஊன்றிய பள்ளி நந்தனார் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. சிதம்பரம் செல்லும் தோழரே, கோபுரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர். அந்தப் பள்ளி வாயிலிலும் ஒரு கணம் நில்லும். பழைய நந்தன் நெருப்பில் இறங்கி உள்ளே போனான். அவன் பேரப்பிள்ளைகள் புத்தகத்தோடு போகிறார்கள். எந்த வாயில் பெரிது? நீரே சொல்லும்!