சிறுமலரின் கண்ணீர்

நம் ஆலயங்களில் ரோஜா மலர்களை ஏந்தியபடி புன்னகையோடு நிற்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை நாம் அறிவோம். அந்தப் புன்னகைக்கு முன் பல ஆண்டுக் கண்ணீர் இருந்தது என்பதைப் பலர் அறியோம்.

1873 ஜனவரி 2 அன்று பிரான்சு நாட்டின் அலன்சோன் நகரில் தெரேசா பிறந்தார். கலகலப்பான பிள்ளை; பிடிவாதமும் உண்டு. நான்கரை வயதில் தாய் செலி புற்றுநோயால் இறந்தார். அன்று முதல் பிள்ளையின் சுபாவமே மாறியது. கூச்சம், பயம், தொட்டதற்கெல்லாம் அழுகை. குடும்பம் லிசியே நகரில் குடியேறியது. அக்கா பவுலினைத் தன் இரண்டாம் தாயாகப் பற்றிக்கொண்டார் தெரேசா. பள்ளியில் மூத்த மாணவி ஒருத்தியின் தொல்லையை யாரிடமும் சொல்லாமல் ஒளிந்து அழுதார்.

1882 அக்டோபரில் பவுலின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். ஒன்பது வயதுத் தெரேசாவுக்கு இது மீண்டும் ஒரு தாயை இழந்தது போலாயிற்று. 1883-ம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று நடுக்கமும் பிதற்றலும் தொடங்கின. மருத்துவருக்கும் புரியாத நோய் அது. வீட்டார் அவரைத் திட்டவில்லை, நடிப்பு என்று ஒதுக்கவும் இல்லை. இரவும் பகலும் உடனிருந்தார்கள்; தந்தை லூயி திருப்பலிகள் ஒப்புக்கொடுத்தார். மே 13, தூய ஆவியார் பெருவிழாவன்று, அன்னை மரியாவின் சுரூபம் தன்னைப் பார்த்துப் புன்னகைப்பதைக் கண்டு தெரேசா குணமடைந்தார்.

ஆனால் துன்பம் அத்தோடு முடியவில்லை. 12 வயதில், எதைச் செய்தாலும் பாவமோ என்ற அச்சம் சுமார் ஒன்றரை ஆண்டு அவரை வாட்டியது. தலைவலியும் சேர, பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. மனதில் இருந்ததை எல்லாம் மூத்த அக்கா மரியிடம் தினமும் கொட்டித் தீர்த்தார். மரி சலிக்காமல் கேட்டார்.

1886 கிறிஸ்துமஸ் இரவில் தந்தை சலிப்போடு சொன்ன ஒரு சொல் காதில் விழுந்தது. வழக்கம்போல் அழாமல், கண்ணீரை அடக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு தந்தையிடம் சென்றார். இது இறையருளால் வந்த மாற்றம் என்று பின்னாளில் எழுதினார். 15 வயதில் கார்மேல் மடத்தில் நுழைந்தார். அடுத்த ஆண்டே தந்தை மனநோயாளர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1896 முதல் விசுவாச இருளும் காசநோயும் அவரை வருத்தின. 1897 செப்டம்பர் 30 அன்று 24 வயதில் இறந்தார். திருச்சபை 1925-ல் அவரைப் புனிதராகவும், 1997-ல் மறைவல்லுநராகவும் அறிவித்தது.

எதையும் ஆழமாக உணரும் அந்த மனமே அவரை அழ வைத்தது. பிறர் வேதனையை உணர்ந்து அன்பு செய்யவும் வைத்தது. சுபாவம் பாவம் அல்ல.

எளிதில் கலங்கும், தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் பிள்ளைகளை மனச்சோர்வு எளிதில் பற்றுகிறது என்றும், வளரிளம் பருவத்தில் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கே அது அதிகம் என்றும் மருத்துவம் சொல்கிறது. அது நோய், விசுவாசக் குறைவு அல்ல. உங்கள் மகள் வாரக்கணக்கில் சாப்பாடு, தூக்கம், சிரிப்பு இழந்து அறைக்குள் ஒதுங்கினால், திமிர் என்று கடியாதீர்கள். ஜெபியுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் என்று அவள் சொன்னால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

தெரேசாவுக்கு ஒரு மரி இருந்தார். நம் வீட்டுத் தெரேசாவுக்கு அந்த மரி யார்?