மேலவளவு முருகேசன்: வாழ்வும் வழக்கும்

வெள்ளிவிழா மலர்களில் சான்றோர் வரலாறுகள் இடம்பெறுதல் மரபு. அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றையும், அயோத்திதாசப் பண்டிதரின் வரலாற்றையும், நம் செங்கற்பட்டு மண் ஈன்றெடுத்த இரட்டைமலை சீனிவாசனாரின் வரலாற்றையும் நம் சங்கத்து இளைஞர்கள் நன்கறிவர். அவர்களுக்குப் பின் வந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்படுகின்றோம். அவர் நூல்கள் எழுதியவரல்லர், சட்டமன்றத்தில் அமர்ந்தவரல்லர், பெரும் பதவிகள் வகித்தவருமல்லர். ஓர் ஊராட்சியின் தலைவராக ஆறே திங்கள் இருந்தவர். ஆயினும் தமிழகத்தின் எந்த மாவட்டத்துச் சேரியிலும் அவர் பெயரை அறியாதார் இலர். அவரே மேலவளவு முருகேசனார்.

அவருடைய வாழ்வு 1997ஆம் ஆண்டு முடிந்தது. அவருடைய வழக்கோ அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்தது. வாழ்வை மட்டும் அறிந்தால் வீரம் தெரியும். வழக்கையும் அறிந்தால்தான், கொலையுண்டவரின் குடும்பத்தாரை இந்நாட்டு நீதிமுறை எங்கெங்கே கைவிடுகிறது என்பது தெரியும். ஆதலின் இரண்டையும் சேர்த்தே சொல்லுகின்றோம்.

ஊரும் ஊராட்சியும்

மேலவளவு, மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த சிற்றூர். கண்மாய்ப் பாசனமும் வேளாண்மையும் நிறைந்த பகுதி அது. நிலமும் கோயில் முதன்மையும் பொதுச் சொத்தின் மீதான ஆளுகையும் நெடுங்காலமாக ஆதிக்க சாதியினர் கையிலேயே இருந்தன. ஆதிதிராவிட மக்கள் பெரும்பாலும் அவர்தம் நிலங்களிலும் பிற இடங்களிலும் கூலிவேலை செய்து பிழைத்தனர்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன்வழித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. மக்கள்தொகைக்கேற்ப ஊராட்சித் தலைவர் பதவிகள் பட்டியலினத்தாருக்கு ஒதுக்கப்படல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஆணை. 1996ஆம் ஆண்டுத் தேர்தலில் மேலவளவு ஊராட்சி அவ்வாறு ஒதுக்கப்பட்டது.

ஊராட்சித் தலைவர் பதவி சிறியதுதானே, அதற்காகவா இத்துணைப் பகை எனச் சிலர் வினவலாம். ஊர்ப் பணத்தின் கணக்கும் காசோலையும் தலைவர் கையொப்பத்தில் இயங்குவன. பொது வருவாய்க்கான ஏலங்கள், சாலை, குடிநீர், தெருவிளக்குப் பணிகள் யாவும் ஊராட்சி மன்றத்தின் முன் வருவன. நேற்றுவரை கைகட்டி நின்றவன் இன்று நாற்காலியில் அமர்ந்து கையொப்பமிடுதலைச் சாதி ஆணவம் பொறுப்பதில்லை. பகையின் வேர் அதுவே.

மூன்று தேர்தல்கள்

ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டதும் மிரட்டல் தொடங்கியது. வேட்புமனு அளித்தோர் அச்சுறுத்தப்பட்டனர். ஒடுக்கப்பட்டோரின் வீடுகள் தீக்கிரையாயின. வேலை மறுக்கப்பட்டது. மனுக்கள் திரும்பப் பெறப்பட்டமையால் அக்டோபரில் நடைபெற வேண்டிய தேர்தல் நின்று போயிற்று.

பின்னர் டிசம்பர் 28 அன்று வாக்குப்பதிவு நடந்தது. வாக்குச்சாவடிக்குள் புகுந்தவர்கள் பெட்டிகளைக் கைப்பற்றிச் சென்றனர். அத்தேர்தலும் பயனற்றுப் போயிற்று. மூன்றாம் முறையாக டிசம்பர் 31 அன்று பெருங்காவலுக்கிடையே தேர்தல் நடந்தது. ஆதிக்க சாதியினர் புறக்கணித்தனர். முருகேசனார் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மூக்கன் அவர்கள் துணைத் தலைவரானார்.

இதே காலத்தில் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் பட்டியலினத்தார் தலைவராக வரவியலாத நிலை பத்தாண்டுகள் நீடித்தது. 2006ஆம் ஆண்டில்தான் அங்கெல்லாம் முறையாகத் தேர்தல் நடந்தேறியது. இவ்வூர்களோடு ஒப்பிட்டு நோக்கினால், மூன்றாம் முறையும் அஞ்சாது நின்ற முருகேசனாரின் நெஞ்சுரம் எத்தகையது என்பது புலனாகும்.

வென்றபின்னும் அமைதியில்லை. ஊராட்சி அலுவலகத்தில் தடையின்றி அமர்ந்து பணிசெய்ய அவரால் இயலவில்லை. தமக்கும் தம் மக்களுக்கும் பாதுகாப்பு வேண்டி அதிகாரிகளிடம் முறையிட்டு வந்தார். பதவி கையில் இருந்தது. அதனைச் செலுத்தும் வழி அடைபட்டிருந்தது.

1997 ஜூன் 30

அன்று முருகேசனாரும் உடன்வந்தோரும் மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்றனர். எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்பதே பயணத்தின் நோக்கம். திரும்பும் வழியில் அவர்கள் ஏறிய பேருந்து மேலவளவை நெருங்கியபோது வழிமறிக்கப்பட்டது. பட்டப்பகலில், பயணிகள் கண்முன்னே, ஆயுதங்களோடு வந்த கும்பல் அவர்களை வெட்டி வீழ்த்தியது. முருகேசனாரின் தலை துண்டிக்கப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்டது. மூக்கன், இராசா, செல்லத்துரை, சேவுகமூர்த்தி, பூபதி ஆகியோரும் உடன் மாண்டனர். வேறு சிலர் காயங்களோடு உயிர் தப்பினர்.

பதவியேற்ற நாளுக்கும் இறந்த நாளுக்கும் இடையே ஆறு திங்கள். அறுவரும் ஓரிடத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். விடுதலைக் களம் என வழங்கும் அவ்விடத்தில் ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று மக்கள் கூடி வணக்கம் செலுத்தி வருகின்றனர்.

வழக்கின் நெடும்பயணம்

கொலை நடந்த ஊரிலேயே சாட்சிகளும் வாழ்கின்றனர். குற்றஞ்சாட்டப்பட்டோரின் உறவினரும் வாழ்கின்றனர். சாட்சி சொல்லப் போகின்றவன் மறுநாள் அதே தெரு வழியேதான் வேலைக்குச் செல்லுதல் வேண்டும். இத்தகைய சூழலில் வழக்கு சேலம் அமர்வு நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. அச்சம் சற்றே குறைந்தது, தொலைவோ கூடியது. நாட்கூலி பெறும் மக்கள் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று சாட்சியம் அளித்தனர். காயமுற்று உயிர் தப்பியோரே கூண்டிலேறிக் கண்டதைச் சொன்னமையால்தான் வழக்கு நிலைபெற்றது. வழக்கறிஞர் பொ. இரத்தினம் அவர்கள் தொடக்கமுதல் இக்குடும்பங்களின் பக்கம் நின்று இடையறாது உழைத்தார்.

2001 ஜூலை 26 அன்று தீர்ப்பு வந்தது. 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 23 பேர் விடுதலை. தண்டனை கொலைக் குற்றத்திற்காக வழங்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தண்டனை இல்லை. தலைவர் பதவி ஒதுக்கப்பட்டதனாலேயே எழுந்த பகையில், அப்பதவியில் இருந்தமைக்காகவே ஒருவர் கொல்லப்பட்டார். அக்கொலையில் சாதியின் பங்கைச் சட்டம் காணவில்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் அன்றைய வாசகப்படி, கொலையுண்டவர் பட்டியலினத்தார் என்னும் காரணத்தாலேயே கொலை நிகழ்ந்தது என மெய்ப்பித்தல் வேண்டும். பல வழக்குகள் இக்கண்ணியிலேயே சிக்கித் தோற்றன. 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியலினத்தார் என அறிந்தே செய்தாலும் போதும் என மாற்றியது. மேலவளவுக்கு அத்திருத்தம் காலம் கடந்து வந்தது.

இன்னொன்றையும் இங்கே உணர்தல் வேண்டும். நம் நாட்டில் குற்ற வழக்கை நடத்துவது அரசு. கொலையுண்டவரின் மனைவியும் மக்களும் அதில் சாட்சிகளேயன்றி வழக்கின் தரப்பினர் அல்லர். 2001இல் ஒருவர் விடுதலையாகிவிட்டால் அதனை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை அரசுக்கே இருந்தது. அரசு வாளாவிருந்தால் குடும்பத்தாருக்குச் சீராய்வு மனு என்னும் குறுகிய வழி ஒன்றே எஞ்சியது. கணவனை இழந்தவளைவிட அரசு வழக்கறிஞருக்கே அவ்வழக்கில் உரிமை மிகுதி என்பதே இதன் பொருள்.

ஆயுள் தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இலும், உச்ச நீதிமன்றம் 2009இலும் உறுதி செய்தன. கொலை நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே இறுதித் தீர்ப்பு கிட்டியது. கீழ்வெண்மணியை நினைப்போர் இதனையும் பேறு என்பர். அங்கே 1968ஆம் ஆண்டு 44 உயிர்கள் தீக்கிரையாயின. குற்றஞ்சாட்டப்பட்டோரை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. ஆந்திரத்துச் சுண்டூரில் 1991இல் எண்மர் கொல்லப்பட்டனர். தனி நீதிமன்றம் 2007இல் அளித்த தண்டனைகளை உயர் நீதிமன்றம் 2014இல் நீக்கியது. அவற்றோடு ஒப்பிட, மேலவளவில் தண்டனையேனும் நிலைத்தது.

திறந்த சிறைக்கதவு

ஆனால் தண்டனை நிலைத்தும் வழக்கு முடியவில்லை. இறுதித் தீர்ப்புக்கு முன்னரே, அண்ணா நூற்றாண்டையொட்டி 2008இல் அரசு கைதிகளை விடுவித்தபோது, இவ்வழக்கின் மூவர் விடுதலை பெற்றனர். எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய விடுதலைத் திட்டத்தின்கீழ் 2019 நவம்பரில் மேலும் 13 பேர் விடுவிக்கப்பட்டனர். அவ்விடுதலையை எதிர்த்து மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் முறையீடு எழுந்தது. விடுவிக்கப்பட்டோர் மதுரை மாவட்டத்தை விட்டு விலகி வேலூரில் தங்கியிருத்தல் வேண்டும் என நீதிமன்றம் அப்போது இடைக்கால ஆணையிட்டது.

சிறைவாசிகள் திருந்தி வாழ வாய்ப்பளித்தலை நாம் மறுக்கவில்லை. நீண்டகாலம் சிறையில் வாடுவோருள் ஏழைகளும் நம்மவரும் மிகப் பலர் என்பதை அறிவோம். நம் வினா வேறு. தண்டனைக் குறைப்பு என்பது அரசுக்கும் கைதிக்கும் இடையே நிகழும் செயலாகவே இருந்து வருகிறது. இறந்தவரின் குடும்பத்தைக் கேட்டாக வேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. வெளிவருவோர் எந்த ஊருக்குத் திரும்புகின்றனரோ, அதே ஊரில்தான் அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களும் வாழ்கின்றனர். அவர்களின் பாதுகாப்பை எண்ணிப் பாராமல் கதவைத் திறத்தல் எவ்வகை நீதி?

வன்கொடுமைச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறையிலுள்ள 15ஏ பிரிவு, பிணை, விடுதலை, சிறை விடுப்பு ஆகிய நடவடிக்கைகளில் பாதிக்கப்பட்டோர் கருத்துச் சொல்லும் உரிமையை வழங்குகிறது. ஆனால் அச்சட்டத்தின்கீழ்த் தண்டனை இல்லாத வழக்கில் அவ்வுரிமையைக் கோருதற்கே தனியாக வாதாட வேண்டியுள்ளது. 2001இல் விடுபட்ட ஒரு சட்டப்பிரிவு 2019இல் குடும்பத்தாரை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. ஒரு வழக்கின் தொடக்கத்தில் நேரும் குறை அதன் கடைசி நாள் வரை தொடரும் என்பதே மேலவளவு கற்பிக்கும் பாடம்.

நம் இளைஞர் அறியவேண்டுவன

முருகேசனாரின் குடும்பத்திற்கு அன்று இல்லாத சில உரிமைகள் இன்று சட்டத்தில் உள்ளன. அவற்றை நாம் அறிந்திருத்தல் கடமை.

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டோரே மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413ஆம் பிரிவில் அது தொடர்கிறது. புலனாய்வின் நிலையைப் பாதிக்கப்பட்டோருக்கு 90 நாட்களுக்குள் காவல்துறை தெரிவித்தல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி.

வன்கொடுமை வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்தல் வேண்டும். 60 நாட்களில் குற்றப்பத்திரிகை அளித்தல் வேண்டும். தாம் விரும்பும் மூத்த வழக்கறிஞரைச் சிறப்பு அரசு வழக்கறிஞராக அமர்த்துமாறு மாவட்ட ஆட்சியரிடம் குடும்பத்தார் கோரலாம். கொலை வழக்கில் 2016ஆம் ஆண்டுத் திருத்த விதிகள் வகுத்த உதவித்தொகை 8,25,000 ரூபாய். பிணக்கூறாய்வு முடிந்ததும் பாதியும், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்திற்குச் சென்றதும் மீதியும் வழங்கப்படல் வேண்டும். அதனோடு மாத ஓய்வூதியம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை கல்வி ஆகியவையும் விதிகளில் உள்ளன.

உரிமைகள் ஏட்டில் உள்ளன. கேட்பவர் இல்லையேல் அவை ஏட்டிலேயே உறங்கும். துக்கத்தில் மூழ்கிய குடும்பம் முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு எழுதப்பட்டது என்று பார்க்குமா? அதன் நகலைக் கேட்டு வாங்குமா? அடுத்த வாய்தா நாளைக் குறித்து வைக்குமா? அப்பணி உடன்நிற்கும் படித்த இளைஞனின் பணி.

மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் உள்ள ஆலைகளில் நம் பிள்ளைகள் பலர் முறைவேலை பார்க்கின்றனர். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்புகள் அவர்களுக்குச் சோறிட்டன. அதில் நமக்குப் பெருமையே. ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகளில் நாம் எத்தனை வழக்கறிஞர்களை உருவாக்கினோம் என்று இவ்வெள்ளிவிழாவில் நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் தகும். டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி நம் மாவட்டத்துப் புதுப்பாக்கத்திலேயே உள்ளது. ஊருக்கு ஒருவரேனும் சட்டம் பயின்றால், நாளை ஒரு குடும்பம் காவல் நிலைய வாயிலில் தனித்து நிற்கும் நிலை நேராது.

முருகேசனார் தம் மக்களின் எரிந்த வீடுகளுக்காக மனுவோடு சென்று திரும்பும் வழியில் மாண்டார். மாலை சூட்டி ஆண்டுக்கொருமுறை அவரை வணங்குதல் நன்று. அவர் கொண்டு சென்ற மனுவைப் போன்ற மனுக்கள் எந்த அலுவலகத்திலும் கேட்பாரற்றுக் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுதல் அதனினும் நன்று. அவ்வணக்கத்தை நம் சங்கத்து இளைஞர்கள் செய்து முடிப்பார்கள் என நம்புகின்றோம்.