எனிக்மா எப்படி உடைந்தது? ஆலன் டூரிங்கின் வாழ்க்கையும் இன்றைய கிளவுட் பாதுகாப்பும்

போனில் ஒரு டிக்கெட் புக் பண்றீங்க. உங்கள் போனிலிருந்து அந்த நிறுவனத்தின் வாசல் வரை தகவல் பூட்டப்பட்டுத்தான் போகிறது. சரி, வாசலைத் தாண்டிய பிறகு?

உள்ளே ஒரே சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். இருக்கையைப் பதிவு செய்வது ஒன்று, கட்டணத்தைக் கவனிப்பது இன்னொன்று. எது எதோடு பேசலாம், எந்தப் பேச்சுக்கு என்கிரிப்ஷன் கட்டாயம், சாவியை எப்போது மாற்ற வேண்டும் என்று வகுக்கும் விதிகள்தான் என்கிரிப்ஷன் பாலிசி. பூட்டு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், இந்த விதியில் ஓட்டை இருந்தால் எல்லாம் போச்சு.

ஒரு இயந்திரத்துக்குள் இன்னொரு இயந்திரம் இயங்கலாம் என்ற எண்ணத்துக்கு அடித்தளம் போட்டவரும், விதியில் இருந்த ஓட்டைகள் வழியாக எதிரியின் பூட்டைத் திறந்தவர்களில் முக்கியமானவரும் ஒருவரே: ஆலன் டூரிங்.

போத்தனூரில் பிறந்த தாய்

டூரிங் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார். ஆனால் குடும்பத்தின் வேர் நம்ம ஊர்ப் பக்கமும் உண்டு. தாய் சாரா பிறந்தது கோவையை ஒட்டிய போத்தனூரில். சாராவின் தந்தை எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். டூரிங்கின் தந்தை ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி.

பிள்ளைகளை இங்கிலாந்தில் விட்டுவிட்டு பெற்றோர் மட்டும் இந்தியாவுக்குத் திரும்புவது அன்றைய ஆங்கிலேய அதிகாரிகளின் வழக்கம். ஆலனும் அண்ணன் ஜானும் அப்படித்தான் வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் வளர்ந்தார்கள்.

1926-ல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய நாளில் நாடு தழுவிய வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. 13 வயதுப் பையன் சவுத்தாம்ப்டனிலிருந்து சுமார் 60 மைல் சைக்கிள் மிதித்தே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான்.

காகிதத்தில் ஓடிய கணினி

கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் படித்த டூரிங், 1936-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதில் கற்பனையான ஒரு இயந்திரம் வருகிறது. வேறு எந்தக் கணிப்பு இயந்திரத்தின் விவரத்தைக் கொடுத்தாலும், அதைப் படித்து அதைப் போலவே நடந்துகொள்ளும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி இயந்திரம் வேண்டாம், ஒன்றே எல்லாமாக மாறலாம். அப்போது எந்த நாட்டிலும் இன்று நாம் சொல்லும் கணினி கிடையாது. ஒரு சர்வர் பத்து விர்ச்சுவல் மெஷின்களாக நடிப்பதற்கும் இந்த எண்ணம்தான் அடிப்படை.

எனிக்மா: பூட்டு பலம், பழக்கம் பலவீனம்

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் டூரிங் பிளெட்ச்லி பார்க்கில் இருந்த ரகசிய மையத்தில் சேர்ந்தார். எதிரே இருந்தது ஜெர்மனியின் எனிக்மா. பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். ஒரு எழுத்தை அழுத்தினால் மின்சாரம் சுழலும் சக்கரங்கள் வழியாகப் போய் வேறொரு எழுத்தின் விளக்கை எரிய வைக்கும். அடுத்த எழுத்துக்குள் சக்கரம் நகர்ந்துவிடும். ராணுவ எனிக்மாவை அமைக்கும் வழிகள் ஏறக்குறைய 159-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணிக்கை. நள்ளிரவில் அமைப்பு மாறும்.

ஒவ்வொன்றாக முயன்றால் யுகமாகும். ஆனால் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, எந்த எழுத்தும் தானாகவே வெளிவராது. இரண்டாவது, மனிதப் பழக்கம். வானிலை அறிக்கை போன்ற செய்திகள் தினமும் ஒரே மாதிரி சொற்களோடு போயின. இன்ன இடத்தில் இன்ன சொல் இருக்கும் என்று ஊகித்தால், பொருந்தாத அமைப்புகளைக் கூட்டங்கூட்டமாகக் கழித்துவிடலாம்.

இதற்கு முன்பே எனிக்மாவை உடைத்துக் காட்டியவர்கள் போலந்து கணிதவியலாளர்கள். போருக்குச் சில வாரங்கள் முன்னால் தங்கள் ரகசியத்தை பிரிட்டனிடம் கொடுத்தார்கள். அந்த அடித்தளத்தின் மேல், ஊகச் சொல்லை வைத்துக் கழித்துப் பார்க்கும் பாம் என்ற இயந்திரத்தை டூரிங் வடிவமைத்தார். முதல் இயந்திரம் 1940 மார்ச்சில் வந்தது. சகா கார்டன் வெல்ச்மன் செய்த மாற்றம் அதன் வேகத்தைப் பல மடங்கு கூட்டியது.

நான்காவது சக்கரம்

டூரிங் தலைமையேற்ற ஹட் 8 பிரிவின் வேலை, ஜெர்மன் கடற்படையின் செய்திகளைப் படிப்பது. அட்லாண்டிக்கில் பிரிட்டனுக்கு உணவும் எரிபொருளும் கொண்டுவந்த கப்பல்களை நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. எங்கே பதுங்கியிருக்கின்றன என்று தெரிந்தால் கப்பல்களைத் திருப்பிவிடலாம்.

1942 பிப்ரவரியில் நீர்மூழ்கிகளின் எனிக்மாவுக்கு நான்காவது சக்கரம் வந்தது. சுமார் பத்து மாதம் பிளெட்ச்லிக்கு இருட்டு. அக்டோபர் 30 அன்று மத்தியதரைக் கடலில் பிடிபட்டு மூழ்கிக்கொண்டிருந்த யூ-559 கப்பலுக்குள் பிரிட்டிஷ் கடற்படையினர் இறங்கி, வானிலைக் குறியீட்டுப் புத்தகத்தை மீட்டார்கள். உள்ளே போனவர்களில் இருவர் கப்பலோடு மூழ்கிப்போனார்கள்.

அந்தப் புத்தகம் ஒரு உண்மையைக் காட்டிக்கொடுத்தது. வானிலைச் செய்திகளுக்கு மட்டும் நீர்மூழ்கிகள் நான்காவது சக்கரத்தை வேலை செய்யாத நிலையில் வைத்து, பழைய மூன்று சக்கர இயந்திரம் போலவே அனுப்பிக்கொண்டிருந்தன. அன்றைய மூன்று சக்கர அமைப்பு தெரிந்துவிட்டால் போதும், நான்காவதுக்கு 26 நிலைகளைச் சோதித்தால் முடிந்தது. டிசம்பரில் செய்திகள் மீண்டும் படிக்கப்பட்டன. டூரிங் அப்போது அமெரிக்காவில் இருந்தார். உடைத்தது அவர் வளர்த்த குழு.

இன்றைய நெட்வொர்க்கிலும் இதே தவறு நடக்கும். இரண்டு விர்ச்சுவல் மெஷின்களுக்கு நடுவே ஐபிசெக் போட்டிருப்பார்கள். ஆனால் எதிர்முனையில் பழைய மெஷின் இருந்தால் பூட்டாமலே அனுப்பிவிடு என்று ஒரு சலுகையும் வைத்திருப்பார்கள். ஒட்டுக்கேட்பவர் அந்த வாசலைத்தான் தேடுவார். என்கிரிப்ஷன் இல்லாவிட்டால் இணைப்பே வேண்டாம் என்பதுதான் பத்திரமான விதி. சலுகை கொடுத்தே ஆகணும்னா, எந்த மெஷினுக்கு, எந்தத் தேதி வரை என்று எழுதி வையுங்கள். பழைய வழிக்கும் புதிய வழிக்கும் ஒரே சாவியைக் கொடுக்காதீர்கள்.

பூட்டு உடைத்தவர் செய்த பூட்டு

அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் குரல் மறைப்புக் கருவியைப் பார்த்துத் திரும்பிய டூரிங், 1943 முதல் ஹான்ஸ்லோப் பார்க்கில் தாமே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பெயர் டிலைலா. பெல் கருவி 50 டன்னுக்கு மேல். டிலைலாவைக் கையில் தூக்கிப் போகலாம். இளம் பொறியாளர் டொனால்டு பெய்லியின் துணையோடு அது வேலை செய்தது. ஆனால் போர் முடியும் தறுவாயாகிவிட்டதால் பயன்பாட்டுக்கு வரவில்லை.

பறிபோன அந்தரங்கம்

போருக்குப் பிறகு கணினி வடிவமைப்பு, மான்செஸ்டரில் பணி, இயந்திரம் சிந்திக்குமா என்று கேட்ட 1950-ம் ஆண்டுக் கட்டுரை என்று வாழ்க்கை வேகமாக நகர்ந்தது. 1952-ல் வீட்டில் நடந்த திருட்டைப் புகார் செய்யப்போன இடத்தில், இன்னொரு ஆணுடன் தனக்கிருந்த உறவை மறைக்காமல் சொன்னார். அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி அது குற்றம். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சையை ஏற்றார். ரகசியப் பணிக்கான அனுமதியும் பறிபோனது.

1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41. விசாரணை தற்கொலை என்றது. விபத்து என்றே தாய் சாரா நம்பினார். 1959-ல் மகனின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். போரில் மகன் என்ன செய்தார் என்பதை அதில் அவரால் எழுத முடியவில்லை. எனிக்மா ரகசியம் பரவலாக வெளியே வந்தது 1974-ல்தான்.

2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரச மன்னிப்பு. 2021 ஜூன் 23, அவருடைய பிறந்தநாளில், டூரிங் படம் போட்ட 50 பவுண்டு நோட்டு வெளியானது. பல ஆண்டுகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாத ரகசியமாக இருந்த பாம் இயந்திரத்தின் வரைபடம், இப்போது அந்த நோட்டில் எல்லார் கையிலும் இருக்கிறது.